தட்டைத் திருப்பிப் பாருங்கள்: பீங்கான் செட் குறித்து வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பெரியவர்கள் விட்டுச்சென்ற டின்னர் செட், டீ செட் பற்றியும், புதிதாக வாங்குவது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: மாமியார் காலமான பிறகு அவருடைய கண்ணாடி அலமாரியில் இருந்த டின்னர் செட் எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறது. பூ வேலையும் தங்க விளிம்பும் உள்ளது. எந்த நாட்டுச் சாமான், எவ்வளவு பழையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (மயிலாப்பூர் வாசகி)

முதலில் கழுவ வேண்டாம். பெரிய தட்டு ஒன்றை எடுத்து மெத்தென்ற துணிமேல் கவிழ்த்து வையுங்கள். அடியில் உள்ள முத்திரைதான் அதன் பிறப்புச் சான்றிதழ். அதில் நான்கு விஷயங்களைத் தேட வேண்டும்: கம்பெனிப் பெயர், நாட்டின் பெயர், வடிவத்தின் (அதாவது அந்தப் பூ வேலைப்பாட்டின், டிசைனின்) பெயர் அல்லது எண், தனியாகக் கையால் எழுதிய குறி.

காலத்தைச் சொல்வதில் நாட்டின் பெயர் நிறைய உதவும். அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, 1891 முதல் அங்கே இறக்குமதியாகும் பொருளில் தயாரித்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும். அதனால் 'இங்கிலாந்து' என்ற சொல் முத்திரையில் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுதாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. ஜப்பான் சாமானில் 'நிப்பான்' (ஜப்பானியர் தங்கள் நாட்டைச் சொல்லும் பெயர்) என்றிருந்தால் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது. அதன்பின் 'ஜப்பான்' என்றே போட வேண்டும் என்று அமெரிக்கா சொல்லிவிட்டது. 'ஆக்குபைட் ஜப்பான்' (ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்) என்று கண்டால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, 1952-க்குள் செய்தது.

இங்கே பலர் தவறுவது ஒன்று உண்டு. நாட்டின் பெயர் இல்லாததாலேயே '1891-க்கு முந்தையது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்தக் கட்டாயம் அமெரிக்காவுக்குப் போன சரக்குக்குத்தான். ரங்கூன், பினாங்கு, கொழும்பு வழியாக நம் பக்கம் வந்த சாமானில் பெயர் இல்லாமலும் இருக்கலாம்.

ஆங்கிலேயச் சாமானில் வைர வடிவக் குறி இருந்தால் அது 1842 முதல் 1883 வரை இருந்த வடிவப் பதிவு முறை. 'ஆர் டி நம்பர்' (பதிவு எண்) என்று எண் இருந்தால் 1884-க்குப் பின். இரண்டுமே அந்த வடிவத்தைப் பதிவு செய்த ஆண்டைத்தான் சொல்லும். அந்தத் தட்டு சூளையிலிருந்து இறங்கியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தும் இருக்கலாம்.

பெயரில் ஏமாறுவதும் உண்டு. 1759-இல் ஜோசையா வெட்ஜ்வுட் இங்கிலாந்தில் தொடங்கிய பீங்கான் கம்பெனியின் ஆங்கிலப் பெயரில் 'ஜி' எழுத்தை அடுத்து நேராக 'டபிள்யூ' வரும். நடுவில் ஒரு 'ஈ' கூடுதலாக இருந்தால் அது வேறு யாரோ செய்தது. 'வெட்ஜ்வுட் அண்ட் கோ' என்று இருந்தாலும் அது வேறு கம்பெனிதான்.

முத்திரை முடிந்ததும் பொருளைப் பாருங்கள். தட்டை விரல் நுனிகளில் தாங்கி, இன்னொரு விரலால் விளிம்பை மெல்லத் தட்டினால் கோயில் மணிபோல் நீளமாக ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ விரிசல் இருக்கலாம். அடுத்து இருட்டறையில் தட்டின் பின்னால் செல்போன் விளக்கைப் பிடித்து, முன்பக்கம் உங்கள் விரல்களை வையுங்கள். விரல் நிழல் தெரிந்தால் அது பீங்கான் அல்லது போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்த பீங்கான்). ஒளி ஊடுருவவே இல்லையென்றால் பெரும்பாலும் மண்பாண்ட வகை. அதே விளக்கில் மயிரிழை விரிசலும் கோடாகத் தெரியும். கடைசியாகக் கண்ணை மூடிக்கொண்டு விளிம்பு முழுவதும் நகத்தை ஓட்டுங்கள். கண் தவறவிடும் சிறு சில்லை நகம் தவறவிடாது.

இத்தனையும் ஆன பிறகு ஒரு நோட்டில் பதியுங்கள்: எந்த அளவுத் தட்டு எத்தனை, கோப்பை எத்தனை, சாசர் எத்தனை, மூடி எத்தனை, ஒவ்வொன்றிலும் பழுது என்ன. வைத்துக்கொள்ள, விற்க, பிரிக்க எதற்கும் இந்தப் பட்டியல் வேண்டும்.

கேள்வி: அம்மம்மா தந்த நோரிடாகே டீ செட் ஒன்று எங்களிடம் இருக்கிறது. அடியில் ஸ்ரீலங்கா என்று போட்டிருக்கிறது. ஜப்பானில் செய்ததுதான் அசல், மாத்தளையில் செய்தது மட்டம் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? (வெள்ளவத்தை வாசகர்)

மட்டம் என்று சொல்வது நியாயமில்லை. ஜப்பானின் நகோயா அருகே நோரிடாகே என்ற ஊரில் 1904-இல் தொடங்கிய கம்பெனி அது. முதல் முழு டின்னர் செட்டைச் செய்து முடிக்க அவர்களுக்கே 1914 வரை ஆனது. அதே கம்பெனி 1972-இல் இலங்கையில் கூட்டு நிறுவனம் தொடங்கியது, தொழிற்சாலை மாத்தளையில். அங்கிருந்து உலகமெங்கும் ஏற்றுமதியானது, இன்றும் ஆகிறது. மண்ணும் சூளையும் தரக்கட்டுப்பாடும் கம்பெனியின் அளவுகோல்படிதான்.

உங்கள் செட்டின் காலத்துக்கு முத்திரையே சாட்சி. நாடு 'சிலோன்' என்ற பெயரை மாற்றிக்கொண்டது 1972 மே மாதம். ஆகவே 'ஸ்ரீலங்கா' என்ற சொல் இருக்கும் எந்தக் கோப்பையும் அதற்குப் பிந்தையதுதான். இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய நோரிடாகே என்று சொல்லி யாராவது இதை விற்க வந்தால் நம்ப வேண்டாம்.

ஜப்பானில் செய்த பழையவற்றில் ஆர்வமுள்ளவர்கள் முத்திரை வளையத்தின் நடுவில் உள்ள எழுத்தைப் பார்ப்பார்கள். 'எம்' என்றிருந்தால் அது கம்பெனியைத் தொடங்கிய மொரிமுரா குடும்பப் பெயரின் முதல் எழுத்து, பழையது. 'என்' 1953-இல் வந்தது. இடையில் 1946 முதல் 1948 வரை, போரின் சேதத்தால் தரம் பழையபடி வரவில்லை என்று கம்பெனியே தன் பெயரைப் போடாமல் 'ரோஸ் சைனா' என்று முத்திரையிட்டது. தரம் குறைந்தபோது பெயரை ஒதுக்கி வைத்த அந்த நேர்மைக்காகவே அந்தக் காலத் துண்டுகளை விரும்பிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. முத்திரையின் குறுக்கே வேண்டுமென்றே கீறினாற்போல் கோடு இருந்தால், தொழிற்சாலையே இரண்டாம் தரம் என்று ஒதுக்கியதாக இருக்கலாம். ஜெர்மனியின் மைசன் தொழிற்சாலை தன் குறுக்குவாள் முத்திரைமேல் இப்படிக் கீறும் வழக்கம் நீண்டகாலமாக உண்டு. ஆங்கிலேயத் தொழிற்சாலைகள் சிலவும் அப்படிச் செய்தன. வீட்டில் புழங்க அது நல்ல சாமான்தான். முதல்தர விலை மட்டும் கொடுக்கக் கூடாது.

கேள்வி: எங்கள் வீட்டில் சுத்த சைவம். போன் சைனாவில் நிஜமாகவே மாட்டெலும்பு கலக்கிறார்களா? கல்யாணப் பரிசாக ஒரு செட் வந்திருக்கிறது. (கும்பகோணம் வாசகி)

ஆம், கலக்கிறார்கள். பெயருக்காக வைத்த சொல் அல்ல அது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் ஸ்போட் குடும்பத்தார் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நிலைப்படுத்திய கலவை ஏறத்தாழ இப்படி: எலும்புச் சாம்பல் பாதி, சீனக்களிமண் கால், கார்ன்வால் கல் (இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் கிடைக்கும் ஒருவகைப் பாறை) கால். எலும்பு பெரும்பாலும் மாட்டினுடையது. அதை ஆயிரம் டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டு, சதை, கொழுப்பு, பசை எல்லாம் எரிந்துபோய்க் கால்சியம் பாஸ்பேட் மட்டும் மிஞ்சிய பிறகு அரைத்துச் சேர்ப்பார்கள். அந்தச் சாம்பல்தான் போன் சைனாவுக்குப் பால் வெண்மையும், மெல்லியதாக வார்த்தாலும் எளிதில் உடையாத பலமும் தருகிறது.

புழங்குவதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு ஆசாரம். அதில் நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. சீனக்களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றும் சேர்த்து 1300 டிகிரிக்கு மேல் சுடும் கடினப் பீங்கானில் எலும்பு கிடையாது. மைசன் அந்த வகை. நோரிடாகே இரண்டு வகையும் செய்கிறது. ஆகவே கம்பெனிப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் முத்திரையைப் படியுங்கள். 'போன் சைனா' என்றிருந்தால் எலும்பு உண்டு. 'போர்சலின்' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் இல்லை. 'ஃபைன் சைனா' என்று மட்டும் இருந்தால் அது பொதுச்சொல். கடைக்காரரிடமோ கம்பெனியிடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெளிச்சத்தில் போன் சைனா இளம் பால்நிறமாகவும், கடினப் பீங்கான் சற்று நீலம் கலந்த வெள்ளையாகவும் தெரியும். பழகிய கண்ணுக்கு இது போதும், முதல்முறை பார்ப்பவர் இதை மட்டும் நம்ப வேண்டாம்.

கேள்வி: புதிதாக ஒரு டின்னர் செட் வாங்க நினைக்கிறோம். '45 பீஸ், 8 பேருக்கு' என்று போட்டிருக்கிறது. அதில் என்னென்ன இருக்கும்? நம் சாப்பாட்டுக்குச் சரிவருமா? (திருச்சி வாசகர்)

45 என்றதும் 45 தட்டு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு ஆளுக்கு ஐந்து பீஸ் என்பது மேல்நாட்டுக் கணக்கு: 27 சென்டிமீட்டர் பெரிய தட்டு, 20 சென்டிமீட்டர் சிறு தட்டு, 16 சென்டிமீட்டர் ரொட்டித் தட்டு, கோப்பை, சாசர். எட்டுப் பேருக்கு நாற்பது. மீதி ஐந்தில் ஒரு நீள்வட்டப் பரிமாறும் தட்டு, ஒரு காய்கறிக் கிண்ணம், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம், சர்க்கரைக் கிண்ணத்தின் மூடி. ஆமாம், மூடி தனி பீஸ்! கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே பட்டியலை வாங்கிப் படித்த பிறகே பணம் கொடுங்கள்.

நம் சாப்பாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ரொட்டித் தட்டு எட்டும் அலமாரியில் தூங்கும். குழம்புக் கிண்ணமும் ரசக் கிண்ணமும் போதாது. அகன்ற விளிம்போடு நடு மட்டும் தட்டையாக இருக்கும் தட்டில் சோறு பிசைந்தால் ரசம் விளிம்பேறி வழியும். விளிம்பில்லாமல் ஓரம் மேல்நோக்கி வளைந்த தட்டு, அல்லது 23 சென்டிமீட்டர் ஆழமான சூப் தட்டுதான் நமக்கு வசதி. செட்டாக வாங்காமல் தனித்தனி பீஸாக விற்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து ஆழத்தட்டு எட்டு, சிறு கிண்ணம் பதினாறு, பரிமாறும் கிண்ணம் மூன்று என்று வாங்கினால் காசும் மிச்சம், நாளைக்கு ஒன்று உடைந்தால் மாற்றும் கிடைக்கும். கூடவே இரண்டு தட்டும் இரண்டு கோப்பையும் உபரியாக வாங்கி வையுங்கள். வடிவம் நின்றுபோன பிறகு தேடுவது பெரும்பாடு.

தினமும் புழங்கப் போகிறீர்கள் என்றால் தங்க விளிம்பு வேண்டாம். மைக்ரோவேவில் பொறி பறக்கும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தேய்ந்து போகும்.

கேள்வி: லண்டனில் ஒரு தொண்டுக் கடையில் 'ஓல்ட் கன்ட்ரி ரோஸஸ்' டீ செட் பார்த்தேன். அடியில் 1962 என்று இருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேல் பழையது என்பதால் விலை அதிகம் என்கிறார்கள். வாங்கலாமா? (ஈஸ்ட்ஹாம் வாசகி)

1962 என்பது ராயல் ஆல்பர்ட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அந்த ரோஜா வடிவத்தை வெளியிட்ட ஆண்டு. வரைந்தவர் ஹரால்ட் ஹோல்ட்கிராஃப்ட். பதிப்புரிமை ஆண்டாக அந்த எண்ணைப் பல பத்தாண்டுகள் முத்திரையில் அச்சிட்டுக்கொண்டே இருந்தார்கள். நேற்று செய்த கோப்பையிலும் 1962 இருக்கலாம். இந்த ஒரு எண்ணால் ஏமாந்தவர்கள் ஏராளம்.

இந்த வடிவம் பத்துக் கோடித் துண்டுகளுக்கு மேல் விற்றது. அரிய பொருள் என்று யாரும் சொல்ல முடியாது. வாங்கிச் சேர்ப்பவர்கள் பார்ப்பது முத்திரையில் 'இங்கிலாந்து' இருக்கிறதா என்பதைத்தான். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தயாரிப்பு இந்தோனேஷியாவுக்குப் போனது. அதனால் இங்கிலாந்து முத்திரைக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு. பிற்காலத் துண்டுகளில் சிலவற்றில் நாட்டின் பெயரே இராது.

பிடித்திருந்தால் வாங்குங்கள். தங்கம் தேயாமல், கோப்பைக் காதின் அடியில் விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். காது உடலோடு சேரும் இரண்டு இடங்களையும் விளக்கு வைத்துப் பாருங்கள். தேநீர்க் கோப்பை முதலில் விட்டுக்கொடுப்பது அங்கேதான். கெண்டியில் மூக்கின் நுனியையும், மூடியின் உள்விளிம்பையும் பாருங்கள். மூடியைக் கையால் பிடிக்காமல் கெண்டியைச் சாய்த்தால் அது எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதும் முக்கியம்: வேறு கெண்டியின் மூடியாக இருந்தால் உடனே நழுவும். கீழே கை வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

கேள்வி: அம்மாவின் 12 பேருக்கான ஆங்கிலேய டின்னர் செட்டை நாங்கள் மூன்று பிள்ளைகள் பிரித்துக்கொள்ள வேண்டும். உயில் இல்லை. அப்பா முன்பே போய்விட்டார். சண்டை வராமல் எப்படி? (கோவை வாசகர்)

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-இன்படி, உயில் எழுதாமல் இறந்த தாயின் சொத்தில் மகன், மகள் பேதமில்லாமல் சம பங்கு. பாத்திரமும் அதில் அடக்கம். வேறு மதத்தவருக்குச் சட்டம் வேறு.

சட்டம் எளிது, கிண்ணம்தான் கடினம். விற்கும் எண்ணம் இருந்தால் பிரிக்கவே கூடாது. பன்னிரண்டு பேருக்கு முழுதாக இருக்கும் செட் ஒன்றுக்குக் கிடைப்பது, நான்கு நான்காக உடைத்த மூன்று பங்குக்குக் கிடைக்காது. வைத்துக்கொள்வதானால் ஆளுக்கு நான்கு பேர் செட் என்று தட்டும் கோப்பையும் பிரித்துவிடலாம். கோப்பையைச் சாசரிடமிருந்தும், கிண்ணத்தை மூடியிடமிருந்தும் பிரிக்காதீர்கள்.

தகராறு எப்போதும் ஒற்றையாக இருப்பவற்றில்தான்: பெரிய பரிமாறும் தட்டு, மூடிபோட்ட சூப் கிண்ணம், கெண்டி. இவற்றுக்குச் சீட்டுப் போட்டு வரிசை வையுங்கள். முதல் சுற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று தேர்ந்தெடுக்கட்டும். அடுத்த சுற்றில் மூன்று, இரண்டு, ஒன்று என்று திருப்புங்கள். கடைசியில் எடுத்தவருக்கு அடுத்தது உடனே வந்துவிடுவதால் யாருக்கும் மனக்குறை இராது. ஒருவருக்கே முழு செட்டும் வேண்டுமென்றால், சந்தையில் உண்மையில் விற்ற விலையைக் கணக்கிட்டு மற்ற இருவருக்கும் பணமாகத் தரலாம். பிரிக்கும் முன் முழு செட்டையும் மேசையில் அடுக்கி ஒரு படம் எடுத்து, மூன்று பேரும் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மா பரிமாறிய மேசை அந்தப் படத்திலாவது முழுதாக இருக்கட்டும்.

கேள்வி: '22 காரட் தங்கம்' என்று அடியில் அச்சிட்ட செட்டை விற்க வேண்டும். இணையத்தில் பெரிய விலை போட்டிருக்கிறார்கள். கடைக்காரரோ அதில் கால் பங்குகூடத் தர மறுக்கிறார். ஏமாற்றுகிறாரா? (பெங்களூர் வாசகி)

ஏமாற்ற வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமலும் இருக்கலாம். முதலில் தங்கம்: விளிம்பில் இருப்பது நிஜமான தங்கம்தான், ஆனால் அதன் கனம் பொதுவாக ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. உருக்கி எடுக்க ஒன்றும் இல்லை. நகைக் கணக்கை இங்கே மறந்துவிடுங்கள்.

இரண்டாவது, நீங்கள் பார்த்தது கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம். ஈபே போன்ற தளங்களில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பார்த்தால் உண்மை தெரியும். அமெரிக்காவில் வடக்குக் கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் இருக்கும் ரீப்ளேஸ்மென்ட்ஸ் லிமிடெட் 1981 முதல் நின்றுபோன வடிவங்களைத் துண்டுதுண்டாக விற்கிறது. அங்கே ஒரு தட்டின் விலை என்பது கழுவி, பார்த்து, ஆண்டுக்கணக்கில் அலமாரியில் வைத்திருந்து, பொறுப்பேற்று அனுப்பும் விலை. நீங்கள் விற்கப்போனால் அதில் ஒரு பகுதிதான் கிடைக்கும். அதில் அநியாயம் இல்லை.

மூன்றாவது, காலம் மாறிவிட்டது. மேல்நாட்டில் ஒரு தலைமுறை முழுவதும் கல்யாணத்துக்கு வாங்கிய செட்டுகள் இப்போது ஒரே நேரத்தில் பிள்ளைகள் கையில் வந்து விழுகின்றன. அவர்களுக்குச் சிறிய வீடு, மைக்ரோவேவ், பாத்திரம் கழுவும் இயந்திரம். தங்க விளிம்பு வைத்த பெரிய செட்டுக்கு இவை மூன்றும் பகை. வரத்து அதிகம், தேவை குறைவு.

இருந்தாலும் எல்லாத் துண்டும் ஒரே விலை போகாது. மூடியுள்ளவை, கெண்டி, பெரிய பரிமாறும் தட்டு, சாஸ் ஊற்றும் ஜாடி ஆகியவை முதலில் உடைபவை, குறைவாகச் செய்யப்பட்டவை. அவற்றுக்குத் தேவை எப்போதும் உண்டு. சாசர் மட்டும் தனியாக இருந்தால் கேட்பாரில்லை, கோப்பை உடைந்து எல்லார் வீட்டிலும் அது மிஞ்சிக் கிடக்கிறது.

விற்பனைக்கான படம் எடுக்கும்போது ஜன்னலோர வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். முத்திரை ஒன்று, முழு வடிவம் ஒன்று, ஒவ்வொரு பழுதுக்கும் அருகிலிருந்து ஒன்று. விட்டத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். கத்திக் கீறல், தங்கத் தேய்வு, சில்லு எதையும் மறைக்காதீர்கள். மறைத்த ஒரு சில்லுக்காக முழுப் பெட்டியும் திரும்பி வரும், திரும்பும் வழியில் இன்னும் இரண்டு உடையும்.

பொதியும்போது தட்டைப் படுக்க வைத்து அடுக்குவதுதான் பெரிய பிழை. மேல் எடை முழுதும் அடித்தட்டின் நடுவில் இறங்கும். ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, அதன்மேல் குமிழ் உறை போட்டு, புத்தகம் நிறுத்துவதுபோல் விளிம்பில் நிறுத்துங்கள். கோப்பைக்குள்ளும் காகிதம் அடையுங்கள், காதைத் தனியாகச் சுற்றுங்கள், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகாதீர்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள், ஆறு பக்கமும் 5 சென்டிமீட்டர் மெத்தை விட்டு வையுங்கள். குலுக்கினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. ஒரு பெட்டி 12 கிலோவைத் தாண்ட வேண்டாம். கனமான பெட்டியை யாரும் மெதுவாக இறக்கி வைப்பதில்லை.

கேள்வி: சீர் சாமானில் வந்த பழைய பீங்கானைச் சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா? நூறு வருடம் இருக்கும் என்கிறார்கள். (காரைக்குடி வாசகர்)

அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளும் தொல்பொருளாகக் கருதப்படலாம். தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. எந்த நாட்டில் செய்தது என்பது இங்கே பெரிதில்லை, உங்கள் வீட்டுச் சொந்தப் பொருள் என்பதாலும் விலக்கு இல்லை.

நூறு ஆண்டு ஆகாத பொருள் என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் 'இது தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழ் பெறலாம். சென்னையில் அத்துறையின் அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. முன்பக்கம், முத்திரை, அளவு தெரியும் படங்களோடு விண்ணப்பியுங்கள். முதல் பதிலில் சொன்ன முத்திரைக் கணக்கு இங்கே நேரடியாகக் கைகொடுக்கும்: 'ஆக்குபைட் ஜப்பான்' என்று அடியில் இருந்தால் வயதைப் பற்றி வாதமே இல்லை.

கேள்வி: பழைய தட்டில் புளிக்குழம்பு, எலுமிச்சைச் சோறு பரிமாறலாமா? ஈயம் கலந்திருக்கும் என்று பயமாக இருக்கிறது. கறைகளையும் எப்படிப் போக்குவது? (மதுரை வாசகி)

பயம் அர்த்தமுள்ளது. மெருகின்மேல் (பீங்கானைப் போர்த்தியிருக்கும் கண்ணாடி போன்ற பூச்சின்மேல்) தீட்டிச் சுட்ட பழைய வண்ணங்களில் ஈயமும், காட்மியம் என்ற நச்சு உலோகமும் இருக்கலாம். அமெரிக்காவிலேயே பாத்திரத்திலிருந்து கசியும் ஈயத்துக்கு வரம்பு வந்தது 1970-களின் தொடக்கத்தில்தான். புளி, எலுமிச்சை, தக்காளி, ஊறுகாய் ஆகியவற்றின் அமிலம் அதைக் கரைத்து இழுக்கும். சூடும் நேரமும் சேர்ந்தால் இன்னும் அதிகம்.

விரலால் தடவும்போது சித்திரம் மேடாகத் தட்டுப்பட்டால் அது மெருகின் மேலே இருக்கிறது. உணவு படும் நடுப்பகுதி முழுதும் அப்படிப் பூ வேலை இருந்தால் அந்தத் தட்டை அலங்காரத்துக்கு வையுங்கள், அல்லது முறுக்கு, அதிரசம் போன்ற உலர்ந்த பண்டம் வையுங்கள். நடு வெள்ளையாகவும் வேலை விளிம்பில் மட்டும் இருந்தால் ஆபத்து குறைவு. எந்தப் பழைய பீங்கானிலும் ஊறுகாய் போட்டு வைக்காதீர்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதில் பரிமாறவே வேண்டாம். கடையில் விற்கும் ஈயச் சோதனைக் குச்சி 'இல்லை' என்று காட்டினால் அதை நம்பி நிம்மதி அடைய முடியாது. ஆய்வகத்தில் கசிவுச் சோதனை செய்தால்தான் தெளிவு.

கறைக்கு வருவோம். பித்தளை துலக்கும் பழக்கத்தில் புளியையும் சாம்பலையும் எடுத்துவிடாதீர்கள். இரும்பு நார், துலக்கும் பொடி இரண்டும் தங்கக் கோட்டை ஒரே நாளில் தேய்த்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, மோதிரமும் வளையலும் கழற்றி, வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு திரவ சோப்பு விட்டு ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். தேநீர்க் கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி பத்து நிமிடம் விட்டு மெத்தென்ற துணியால் துடைத்தால் போகும். தங்கத்தின்மேல் படாமல் பாருங்கள். சாம்பல்நிறக் கோடுகள் பெரும்பாலும் கரண்டியும் கத்தியும் மெருகின்மேல் விட்ட உலோகத் தடம். கையால் சாப்பிடும் வீட்டுத் தட்டில் அவை குறைவாகவே இருக்கும்.

மெருகில் சிலந்திவலை போல் நுண்விரிசல் ஓடி, அதற்குள் பழுப்பேறியிருந்தால் பிளீச் ஊற்ற வேண்டாம். விரிசல் வழியே உள்ளே இறங்கி, உலர்ந்து உப்பாகி, மெருகையே உதிர்த்துவிடும். அப்படிப்பட்ட தட்டில் உணவும் வேண்டாம்.

கேள்வி: கோப்பையின் காது உடைந்துவிட்டது. அரால்டைட் வைத்து ஒட்டலாமா? இல்லை, அதே போல் இன்னொன்று கிடைக்குமா? (டொராண்டோ வாசகர்)

ஒட்டலாம், ஆனால் அதன்பின் சூடாக எதையும் ஊற்றக் கூடாது. அரால்டைட் போன்ற எபாக்சிப் பசை சூட்டில் இளகும், வருடங்கள் போனால் மஞ்சளாகும். கொதிக்கும் தேநீரோடு காது கையில் வந்துவிட்டால் காயம் உங்களுக்கு. ஒட்டி அலமாரியில் வையுங்கள். பிற்பாடு விற்றால் ஒட்டியதைச் சொல்லியே விற்க வேண்டும். புற ஊதா விளக்கில் பசையும் மேல்பூச்சும் பீங்கானிலிருந்து வேறு நிறமாக ஒளிர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

மாற்றுக் கோப்பை கிடைக்கும். தேடும்போது கம்பெனி, வடிவப் பெயர் இரண்டு மட்டும் போதாது. ஒரே பூவைப் பல உருவக் கோப்பைகளில் அச்சிட்டிருப்பார்கள்: ஒன்று காலுடன் இருக்கும், ஒன்று இல்லாமல் இருக்கும், ஒன்றின் காது வட்டம், இன்னொன்றின் காது கூர்ப்பு. உங்கள் கோப்பையின் உயரம், வாய் விட்டம், சாசரின் நடுப்பள்ளத்தின் விட்டம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்து, உடைந்த காதின் படத்தோடு விற்பவருக்கு அனுப்புங்கள். சாசரின் பள்ளம் இரண்டு மில்லிமீட்டர் சிறியதாக இருந்தாலும் புதுக் கோப்பை அதில் உட்காராமல் ஆடிக்கொண்டே இருக்கும்.